வடசென்னை சண்டை கேம்: இந்த ஆறு கேரக்டர் சரியா?

காசிமேடு கன்ட்ரோலர்:
மொபைலுக்கு ஒரு சண்டை கேம் செய்கிறோம். களம் ராயபுரம், காசிமேடு, சௌகார்பேட்டை, வியாசர்பாடி. ஆறு கேரக்டர், எல்லாருக்கும் ஒரே ஸ்கெலட்டன் (அசைவுக்கான எலும்புக்கூடு). 3 ஜிபி ராம் போனில் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடணும். பட்டியல் இது: லுங்கி, தழும்பு, அரிவாளோடு ஒரு ரௌடி. கூடையை வீசிக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற மீன்கார அக்கா. கை தட்டினால் எதிரி உறைந்துபோகிற திருநங்கை. காசை எறிகிற சேட்டு. பான் துப்புகிற வடநாட்டுத் தொழிலாளி. ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற சிவப்பான ஐடி பொண்ணு, இவர்தான் ஹீரோயின். பார்த்ததும் யார் என்று தெரியணும் என்பதுதான் கணக்கு. கருத்துச் சொல்லுங்க.

பெரம்பூர் பிக்ஸல்:
தம்பி, இந்த ஆறு பேரையும் சினிமாவிலேயே பார்த்தாச்சு. 1991ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை கேமில் வரும் இந்திய யோகி தால்சிம்மை எடுத்துக்கோங்க. கை நீளும், தூரத்திலிருந்தே அடிக்கலாம். நீட்டிய கை திரும்ப நேரமாகும், அந்தக் கையிலேயே எதிரி அடிக்கவும் முடியும். அவர் ஆட்டம் முழுக்க இதில்தான் இருக்கு. கழுத்தில் தொங்கும் மண்டையோட்டு மாலையைக் கழற்றினால் ஒரு ஃப்ரேம்கூட மாறாது. உங்கள் ஆறு பேரிடமும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்க. எதை எடுத்தால் ஆட்டம் மாறுதோ அது இருக்கட்டும். அரிவாளுக்கு நீளம் உண்டு, தழும்புக்கு என்ன உண்டு? இத்தனைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பரம்பரை கட்டி பாக்ஸிங் ஆடிய ஊர் இது. ஜாப், ஹூக், கால்வைப்பு எல்லாம் கையில் இருக்க, ராயபுரத்துக்காரன் கையில் அரிவாளே எதுக்கு?

ஜாய்ஸ்டிக் மணி:
அக்கா, சண்டை கேம்னா மிகைப்படுத்தித்தான் ஆகணும். அதே கேம்ல சாங்கீஃப் கரடியோட மல்லுக்கட்டுற ரஷ்யக்காரன். ஹோண்டா சுமோ. கைல் தோள்ல அமெரிக்கக் கொடி. எல்லாரையும் ஒரே அளவுல கிண்டல் பண்ணா யாருக்கும் அநியாயம் இல்ல. தால்சிம்மை நம்ம பசங்க ஆசையாத்தான் எடுத்து ஆடினாங்க. போன் திரையில ஒரு ஆளு ரெண்டு விரக்கடை உயரம்கூட வரமாட்டான். லுங்கி, தழும்பு, பூ, இதெல்லாம் இல்லாம யார் யாருன்னு எப்படிப் பிரிப்பீங்க?

பெரம்பூர் பிக்ஸல்:
ஒரே அளவு இல்லை மணி. தேர்வுசெய்ய எட்டுப் பேர். ஜப்பானுக்கு இரண்டு, அமெரிக்காவுக்கு இரண்டு. பக்கத்தில் இன்னொரு ஜப்பான்காரன் ரியூ நிற்பதால் ஹோண்டாவைப் பார்த்து ஜப்பான்காரன் என்றாலே சுமோ என்று யாரும் நினைக்கமாட்டார்கள். இந்தியாவுக்கு தால்சிம் மட்டும். பிரேசிலுக்குப் பச்சை நிற மிருகம் பிளாங்கா மட்டும். எட்டில் ஒரே பெண் சுன்-லி. இந்தப் பட்டியலிலும் திருநங்கை ஒருவர், வடநாட்டுத் தொழிலாளி ஒருவர். துணைக்கு வேறொரு ஆள் இல்லாதபோது அவர் மேல் ஏற்றுவது மொத்தப் பேர் மேலும் ஏறும்.

அடையாளம் தெரிவதற்கு நிழலுரு இருக்கு. 2007ல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2ல் ஒன்பது வகை ஆட்களையும் உருவத்தின் கோட்டை வைத்தே பிரித்துவிடலாம். (அதிலும் குறை உண்டு. முகமூடி போட்ட பைரோவை விட்டால் எல்லாரும் ஆண்கள்.) சோதனை சுலபம்: ஆறு பேரையும் முழுக் கறுப்பாக்கி 64 பிக்ஸல் உயரத்துக்குச் சுருக்குங்க. ஒரு நொடி காட்டிவிட்டு யார் என்று கேளுங்க. அந்த அளவில் தெரிவது நிற்கும் விதம், தோள் அகலம், கையில் உள்ளதன் நீளம், நடை. நீங்கள் வாதாடும் தழும்பு 64 பிக்ஸலில் ஒரு புள்ளியாகக்கூட நிற்காது.

காசிமேடு கன்ட்ரோலர்:
ஹீரோயின் விஷயத்தில் ஒரு டெக்னிக்கல் காரணமும் இருக்கு அக்கா. எல்லாருக்கும் ஒரே தோல் டெக்ஸ்சர் (உடம்பின் மேல் ஒட்டும் படம்), அதை ஸ்லைடரில் இருட்டாக்குகிறோம். கறுப்பாக்கினால் முகம் சாம்பல் பூசினமாதிரி வருது. அதனால்தான் சிவப்பாக வைத்தோம்.

பெரம்பூர் பிக்ஸல்:
கோளாறு ஸ்லைடரில். அதைச் சரிசெய்யாமல் பெண்ணின் நிறத்தை மாற்றியிருக்கீங்க, எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வெளிர் தோல் டெக்ஸ்சரை ஒரே எண்ணால் பெருக்கினால் உதடு, உள்ளங்கை, இமையோரம் எல்லாம் சேர்ந்து இருண்டுவிடும். நிஜத்தில் உள்ளங்கை அப்படி இருளாது. அடுத்தது பளபளப்பு. தோலின் மேல்பரப்பில் நேராகப் பட்டுத் தெறிக்கும் ஒளி எந்த நிறத் தோலுக்கும் சுமார் 2.8 சதவீதம்தான். உள்ளே போய்ச் சிதறித் திரும்பும் ஒளிதான் கறுப்புத் தோலில் குறைவு. அதனால் கறுப்பு முகத்தில் மினுக்கம் எடுப்பாகத் தெரியணும். ரஃப்னஸை, அதாவது பரப்பின் சொரசொரப்பு அளவை, முகம் முழுக்க ஏற்றி வைத்திருப்பீங்க; அந்த வெள்ளை மினுக்கம் ஓரிடத்தில் நிற்காமல் முகமெல்லாம் பரவும், சாம்பல் அதுதான். ரஃப்னஸுக்குத் தனி மேப் (இடத்துக்கு இடம் அளவைச் சொல்லும் படம்) போடுங்க. நெற்றி, மூக்கு 0.35, கன்னம் 0.5 என்று தொடங்கி, பார்த்துப் பார்த்து மாற்றுங்க.

மூன்று நிறத்துக்கு மூன்று டெக்ஸ்சர் தனித்தனியாக வரையுங்க. 512க்கு 512 பிக்ஸல் அளவில், ஏஎஸ்டிசி என்ற படச் சுருக்க முறையில் 6க்கு 6 கட்டமாக, மிப்மேப் (தூரத்துக்கான சிறிய நகல்கள்) சேர்த்தும் ஒன்று 160 கேபிக்குள் அடங்கும். 3 ஜிபி போனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிறகு களத்தின் ஒளி. இரவுக் களத்தில் எல்லாப் பக்கத்திலிருந்தும் நீல ஒளியை மட்டும் கொட்டினால் எந்தக் கறுப்பு முகமும் செத்துப்போகும். பக்கவாட்டில் மஞ்சள் விளிம்பு ஒளி ஒன்று வையுங்க. மூன்று நிறத்தையும் ஒரே களத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல் ஒளியை இறுதி செய்யாதீங்க.

ஜாய்ஸ்டிக் மணி:
தோல் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா பெண் உடம்புக்குத் தனி அனிமேஷன் வேணுமே, சின்ன டீமுக்கு அது இரட்டைச் செலவு. 2014ல அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி பண்ண அவ்ளோ பெரிய கம்பெனியே எட்டாயிரம் அனிமேஷன் மாத்தணும்னு கையை விரிச்சுது.

எண்ணூர் எஞ்சின்:
மணி அண்ணே, அதே தொடரில் முன்பு வேலை செய்த அனிமேட்டர் ஜொனாதன் கூப்பர் அப்பவே மறுத்தார், ஓரிரு நாள் வேலை என்று. இங்கே ஸ்கெலட்டனும் ஒன்றுதான். கால் நீளத்துக்கு ஏற்ப இடுப்பு நகர்வைச் சுருக்கணும், இல்லாவிட்டால் பாதம் தரையில் வழுக்கும். கார்டு நிலையில் (முகத்தைக் காக்கக் கையை உயர்த்தும்போது) கை மூட்டுக் கோணத்தை அப்படியே நகலெடுத்தால் கிளவுஸ் தாடைக்குள் போய்விடும். கை எங்கே நிற்கணும் என்று சொன்னால் மூட்டுகளைத் தானே மடக்கும் ஐகே வைத்து மணிக்கட்டைத் தாடைக்கு முன்னால் நிறுத்தணும். அவ்வளவுதான். லைப்ரரியில் கிடைக்கும் 'பெண் நடை'யை மட்டும் எடுக்காதீங்க. இடுப்பு ஆட்டத்தோடு வரும், அதிலிருந்து ஜாபுக்கு மாறும்போது உடம்பு வெட்டி இழுக்கும். பாக்ஸிங் நிலைக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

குரலையும் பாருங்க. மிமிக்ரி ஆளை வைத்து ஒரே இந்தி உச்சரிப்பில் தொழிலாளிக்குப் பேச வைக்கப்போறீங்க என்று தெரியுது. பீகாரா, ஒடிசாவா, வங்காளமா என்று முதலில் முடிவு செய்து, அந்த ஊர்க்காரரையே பேச வையுங்க. 2016ல் வந்த அன்சார்ட்டட் 4ல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்ணான நாடினுக்கு வெள்ளை நடிகை குரல் கொடுத்ததைப் பற்றிக் கேள்வி எழுந்தது. சேட்டையும் யோசிங்க. சௌகார்பேட்டையில் பிறந்து மெட்ராஸ் தமிழ் பேசுகிறவருக்கு எதுக்கு உடைந்த தமிழ்?

ஜாய்ஸ்டிக் மணி:
சரி, ஆனா திருநங்கை கைதட்டலை எடுக்கச் சொன்னா நான் எதிர்ப்பேன். அது அவங்களே வெச்சிருக்கற வழக்கம். அதை மறைச்சா அவங்க யாருன்னே தெரியாது, பயந்து அழிச்ச மாதிரி ஆயிடும். ஃபைனல் ஃபைட் கேம்ல திருநங்கைன்னு சொல்லப்பட்ட பாய்சனையும் கூட இருந்த ராக்ஸியையும் அமெரிக்க சூப்பர் நின்டெண்டோ பதிப்புல தூக்கிட்டு ரெண்டு ஆம்பளைங்களைப் போட்டாங்களே, அதே கதைதான்.

பெரம்பூர் பிக்ஸல்:
இதில் மணி சொல்வது சரி, கைதட்டல் இருக்கட்டும். அது எங்கே உட்கார்ந்திருக்கு என்பதுதான் சிக்கல். தட்டினால் எதிரி உறைகிறான் என்றால், அவரைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதையே விதியாக எழுதியிருக்கீங்க. எதிரியின் அனிமேஷனைப் பாருங்க, முகம் சுளித்துப் பின்வாங்குகிறான், இல்லையா? அதை எடுங்க. கைதட்டலைப் பாரியாக்குங்க (நேரம் பார்த்துத் தடுக்கும் அசைவு): எதிரியின் குத்து வந்து விழும் நேரத்தில் தட்டினால் தடுப்பு, அதற்கான அவகாசம் 8 ஃப்ரேம், தவறினால் 24 ஃப்ரேம் திறந்து நிற்பார். நேரம் பார்த்து ஆடுகிறவர் கைக்கு ஏற்ற கேரக்டர். உடைக்குக் காக்கி கொடுக்கலாம், ஆட்டோ ஓட்டுகிறவராக.

ஜாய்ஸ்டிக் மணி:
பாரி ஓகே. காக்கிக்கு நான் ஒத்துக்க மாட்டேன், புடவைதான். நல்ல பேர் வாங்கணும்னு அவங்களுக்கு யூனிஃபார்ம் மாட்டுறது இன்னொரு அச்சு.

காசிமேடு கன்ட்ரோலர்:
புடவையே வைக்கிறோம். மடிப்புக்கு நாலு எலும்பு தனியாகப் போகும், பரவாயில்லை. அரிவாளை எடுத்துட்டோம். மீன்கார அக்காவுக்கு என்ன செய்ய? கூடை மட்டும் மிச்சம் இருக்கு.

பெரம்பூர் பிக்ஸல்:
மீன் ஏலம் இருக்கே. காசிமேட்டில் விடிகாலையில் நிமிஷத்துக்குள் விலை ஏறுவதைக் கணக்குப் போடுகிறவர் அவர். ஒவ்வொரு அடிக்கும் மீட்டரில் ஒரு படி ஏறட்டும், ஐந்து படி. எந்தப் படியில் வேண்டுமானாலும் 'முடிஞ்சுது' என்று பட்டனை அழுத்தி அதுவரை சேர்ந்த சேதத்தை ஒரே அடியில் இறக்கலாம். காத்திருந்தால் இன்னும் ஏறும், நடுவில் அடி வாங்கினால் பூஜ்யம். முதல் படி 4 சதவீதம், ஐந்தாவது 30 என்று வைத்து ஆடிப் பாருங்க. மூன்றாவது படியிலேயே எல்லாரும் அழுத்தினால் கடைசி இரண்டு படியின் சேதத்தைக் கூட்டுங்க.