புதுப்பிப்பு: மடிப்பு போன் திரைக்கு மறுக்கப்பட்ட உத்தரவாதம்

மடிப்பு போனைத் திறந்தபோது உள்திரையின் நடுவே கறுப்புக் கோடு விழுந்ததையும், ஒருமுறைகூடக் கீழே விழாத அந்த போனுக்கு 'வெளிப்புறச் சேதம்' என்று கூறிச் சேவை மையம் உத்தரவாதத்தை மறுத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். நிறுவனம் அந்த முடிவை மாற்றிக்கொண்டு, உள்திரையைக் கட்டணமின்றி மாற்றித் தந்துள்ளது.

இதற்கு உதவியது ஆய்வறிக்கைதான். வாய்மொழி மறுப்பை ஏற்காமல், சேதம் எங்கே தொடங்கியது என்பதைப் படங்களுடன் எழுத்தில் தருமாறு கேட்டேன். அடிபட்ட திரையில் விரிசல்கள் பொதுவாக ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பரவும்; அவர்கள் அனுப்பிய படங்களில் அப்படி ஒரு புள்ளியே இல்லை, பிளவு மடிப்புக் கோட்டை ஒட்டியே ஓடியது. மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடியும் அதன்மேல் நெகிழிப் படலமும் கொண்ட திரையை, மடித்து விரிப்பதற்கென்றே விற்றுவிட்டு, மடியும் இடத்தில் அது முறிந்தால் பயனரைக் குறைசொல்வது அநியாயம். 2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் கேலக்ஸி ஃபோல்டின் வெளியீட்டைத் தள்ளிவைத்ததும், விமர்சகர்களுக்குத் தந்த போன்களின் திரைகள் பழுதான பிறகுதான்.

திரையோடு ஒட்டிவரும் படலத்தை நீங்களே உரிக்க வேண்டாம். உத்தரவாதத்தை மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடலாம். மாற்றப்பட்ட திரைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் உண்டு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.