தீபாவளி உடுப்பும் கடன் கொப்பியும்: மலையகத்தில் நாம் வாங்குவதைத் தீர்மானிப்பது எது?

ஹட்டன் தம்பி:
நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தோட்ட வேலைக்கு வந்து 200 வருசம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை தலைமுறை போயும் கடையில் கை நீள்வது ஊர்ப் பழக்கத்துக்குத்தான். சம்பளம் பத்தாவிட்டாலும் தீபாவளிக்குப் புது உடுப்பு, மகளுக்கு நகை. பண்பாடுதான் நம்மை வாங்க வைக்கிறது.

பதுளை அக்கா:
தம்பி, முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். வந்தவர்கள் சோறும் கூழும் குடித்தவர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காலைச் சாப்பாடு எப்படி கோதுமை மா ரொட்டி ஆனது? தோட்ட நிர்வாகமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கொடுத்ததைச் சாப்பிட்டோம். நகையும் அப்படித்தான். நிலம் நம் பேரில் இல்லை, லயம் தோட்டத்துடையது, 1948 சட்டத்தோடு குடியுரிமையும் போனது. சேமிப்பைக் கழுத்தில்தான் போட முடிந்தது. அவசரம் வந்தால் அடகுக் கடைக்குப் போகும்.

ஹட்டன் தம்பி:
சரி அக்கா, ரொட்டி கட்டாயத்தில் வந்தது. தேங்காய்ச் சம்பலில் போடுகிற மாசி, அந்தக் காய்ந்த மீன்? அதை யாரும் திணிக்கவில்லையே. இந்த நாட்டு ருசி பிடித்துப்போய் நாமே கேட்டு வாங்கினோம். அதே குடும்பம் கல்யாண நகைக்கு, முடிந்தால் கொழும்பு செட்டியார் தெருவரை போகிறது. எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்திருப்பது என்று நாம்தான் முடிவு செய்திருக்கிறோம்.

கூடலூர் வாசி:
இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியா அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. நீலகிரியில் எங்களை இன்னும் சிலோன்காரர் என்பார்கள். இங்கே எந்தக் கடையிலும் தோசை மாவு கிடைக்கும். ஆனாலும் எங்கள் வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான் வேண்டும். இலங்கையிலிருந்து யாராவது வந்தால் முதலில் கேட்பது மாசி. அக்கா, அன்று வேறு வழியில்லாமல் சாப்பிட்டதை இன்று நாங்கள் தேடி வாங்குகிறோம்.

பதுளை அக்கா:
உங்கள் வீட்டு ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் உங்களுக்குக் கடையை மாற்ற முடியும். இங்கே 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆன பிறகும், பக்கத்துக் கடையின் கடன் கொப்பியில் எழுதி வாங்குகிற அம்மாவுக்கு அது முடியாது. டவுணில் விலை குறைவு என்று தெரியும். அங்கே கடன் யார் கொடுப்பார்?

ஹட்டன் தம்பி:
அதே அம்மாதான் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் எடுக்கிறார். மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள் என்று தெரிந்தே பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கிறார். அது அவருடைய சொந்த முடிவு அக்கா. அதை வறுமையின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

பதுளை அக்கா:
எழுதவில்லை தம்பி. அந்தக் கழிவு முடியும் முன்னே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். பிள்ளைக்குச் சப்பாத்து எந்தக் காசில் வாங்குவது? அதையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன்.