இறந்த அம்மா இன்னும் சபையில் ஒருவர்தானா?

கேள்வி: அம்மா கர்த்தருக்குள் போய்விட்டார். அடக்க ஆராதனையில் வாசித்த, பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் மனதை விட்டு அகலவில்லை. 'கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்.' சரி, அதுவரை அவர் எங்கே? சபைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் துடித்துப்போனேன்.

பதில் 1: பதிவேடு நிர்வாகத்துக்கு மட்டும்தான். எபிரெயர் 12:22-23-ஐ நிதானமாக வாசியுங்கள். பூரணராக்கப்பட்ட நீதிமான்களின் ஆவிகளிடத்திற்கும் நாம் வந்து சேர்ந்திருக்கிறோம் என்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று சொல்கிறோமே, அதில் உங்கள் அம்மாவும் உண்டு.

பதில் 2: உயிர்த்தெழும்வரை மரித்தோர் உறங்குகிறார்கள் என்பது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் போதனை. பெரும்பாலான சபைகள் பிலிப்பியர் 1:23-ஐக் காட்டி, அவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்கின்றன. கத்தோலிக்கர் அவர்களுக்காக ஜெபிக்கவும் செய்கிறார்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. ஆனால் எங்கள் போதகர், 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரம் கிறிஸ்துவின் இரகசிய வருகையைப் பற்றியது என்கிறாரே?

பதில் 1: கடைசி காலத்தின் மகா உபத்திரவத்துக்கு முன்பே சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற அந்தப் போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் மூலம் பரவியது. எனக்கு அது ஏற்பில்லை. 16-ஆம் வசனத்தில் ஆரவாரமும் எக்காள முழக்கமும் இருக்கின்றன, அதில் இரகசியம் எங்கே? பவுல் இதை எழுதியதே துக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான். 13-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள், உங்களுக்கே தெரியும்.