பிக் பிடித்தால் பாட்டை விட 'டக் டக்' சத்தம்தான் அதிகம் கேட்கிறது: எந்தப் பிக் வாங்குவது?

கானாடுகாத்தான் வளவு:
மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற அக்கூஸ்டிக் கிட்டார், உறையோடு அலமாரி மேல் கிடந்தது. ஓய்வு பெற்றபின் மூன்று மாதமாகப் பழகுகிறேன். இரும்புக் கம்பி. ஜி, சி, டி கார்டுகள் (பல சுரம் சேர்ந்து ஒலிப்பவை) ஓரளவு வந்துவிட்டன.

விரலால் மீட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது. பிக்கை, அதாவது கம்பியைத் தட்டும் சின்ன வில்லையை, எடுத்தால் கம்பியின் நாதத்துக்கு முன்னால் ஒரு 'டக்' வந்து நிற்கிறது. முறத்தில் நெல் புடைப்பது போல இருக்கிறது என்கிறாள் என் மனைவி. போதாக்குறைக்குக் கை வியர்த்தால் பிக் சுழன்றுவிடுகிறது. ஒன்று கிட்டாரின் நடுத்துளைக்குள் விழுந்து உள்ளேயே கிடக்கிறது.

'புதிதாகப் பழகுபவருக்கு மெல்லியதுதான் சரி' என்று கடையில் 0.46 மி.மீ. பிக் மூன்று கொடுத்தார்கள். விலை கூடியது வாங்கினால் சரியாகுமா?

ஆறுகம்பி, தேவகோட்டை:
ஐயா, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் கிட்டாரில் மெல்லிய இரண்டும் வெறும் கம்பி. மற்ற நான்கின் மேலும் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் ஆறிலும் வருகிறதா, சுற்றுக்கம்பிகளில் மட்டுமா? 'டக்'கா, 'கரகர'வா?

கானாடுகாத்தான் வளவு:
ஆறிலும் 'டக்'. தடித்தவற்றில் கூடவே கரகர.

ஆறுகம்பி, தேவகோட்டை:
அப்படியென்றால் கோளாறு இரண்டு. 'டக்' என்பது மெல்லிய பிக் கம்பியில் பட்டு வளைந்து, சட்டென்று நிமிரும் ஓசை. 0.46 என்றால் அது வரத்தான் செய்யும். கரகர என்பது பிடி திரும்பிப்போய், பிக்கின் ஓரம் சுற்றுக்கம்பியை அரம் போல உரசுவது. அதற்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை. பிடியைத்தான் மாற்ற வேண்டும்.

தடிமன் 0.70 முதல் 0.80 வரை போதும். 1 மி.மீ.க்கு மேல் போனால் ஒவ்வொரு சுரமாக வாசிக்கத் தெளிவாக இருக்கும், ஆனால் ஆறு கம்பியையும் சேர்த்துத் தட்டும்போது பழகாத கை தடுக்கும்.

காசு செலவில்லாமல் சோதிக்க வழி உண்டு. காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் தடிமன் உலகெங்கும் 0.76 மி.மீ.தான். அதைப் பிக் வடிவில் வெட்டி, ஓரத்தை நைசான உப்புத்தாளில் தேய்த்து வாசித்துப் பாருங்கள். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் உங்கள் கைக்கு அந்தத் தடிமன் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். நடப்பிலிருக்கும் அட்டையை வெட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பள்ளத்தூரான்:
வழுக்குவதற்கு எளிய வழி: ஊசியைக் காய்ச்சிப் பிக்கின் நடுவில் நாலைந்து ஓட்டை போடுங்கள். விரல் பிடித்துக்கொள்ளும்.

கார்டு ஆச்சி, காரைக்குடி:
தம்பி, அந்த யோசனையை இங்கேயே நிறுத்துங்கள். பிக் செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். பழைய பிங்பாங் பந்தைக் கொளுத்திப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வேகமாக எரியும் என்று தெரியும். காம்பஸ் முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாலே போதும்.

கானாடுகாத்தான் அண்ணனுக்கு: உங்கள் கை வியர்க்கும் கை. வழவழப்பான செல்லுலாய்டு வேண்டாம். நைலானில் எழுத்து மேடாக இருக்கும், பிடி கிடைக்கும், நாதமும் சற்று மென்மை. சொரசொரப்பான டார்டெக்ஸ் வகையும் நல்லது. அதில் நிறத்தைப் பார்த்தே தடிமன் சொல்லிவிடலாம்: மஞ்சள் 0.73, பச்சை 0.88. நீங்கள் மஞ்சள் வாங்குங்கள். இதற்குமேல் விலை கொடுப்பது இப்போதைக்கு வீண்.

ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலை வையுங்கள். நுனி அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். பூத்தொடுக்கும்போது காம்பைப் பிடிக்கும் இறுக்கம்தான் வேண்டும். பயந்து அழுத்தினால் 'டக்' கூடும்.

ஒரு கேள்வி: எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள்?

கானாடுகாத்தான் வளவு:
பட்டாலையில் (வீட்டுக் கூடம்), ஆச்சி. காற்று வரும்.

கார்டு ஆச்சி, காரைக்குடி:
நினைத்தேன். கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுற்றிலும் கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர். கூர்மையான ஓசை எதையும் அவை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்பும். என் வீட்டிலும் இதே கதைதான். பிக்கைக் குறை சொல்லி நான்கைந்து வாங்கிச் சேர்த்த பிறகே எனக்குப் புரிந்தது. ஜமுக்காளம் விரித்து, கொடியில் துணி தொங்கும் உள்ளறையில் ஒருநாள் வாசியுங்கள். ஆறடி தள்ளிக் கைப்பேசியை வைத்துப் பதிவும் செய்யுங்கள். பிக் உரசுவது வாசிப்பவர் காதுக்குத்தான் அதிகம் கேட்கும்.

விரல் நாதமே பிடிக்கிறதென்றால் பிக்கை விட்டுவிடுவதும் குற்றமில்லை. காரைக்குடி சகோதரர்களின் வீணை ஒலித்த ஊர்ப்பக்கம் இது. விரல் மீட்டை இங்கே யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

கானாடுகாத்தான் வளவு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அட்டைப் பிக்கிலேயே 'டக்' பாதி போய்விட்டது. பிறகு மஞ்சள் ஒன்று வாங்கினேன், வியர்த்தாலும் சுழலவில்லை. உள்ளறைக்கு மாறியதும் மிச்சமும் அடங்கியது. 'புடைப்பது நின்றுவிட்டது, சோறு எப்போது?' என்கிறாள் மனைவி.

கையை மேலே கொண்டுபோகும்போது மட்டும் முதல் கம்பியில் பிக் மாட்டுகிறது. துளைக்குள் விழுந்ததும் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. தட்டும்போதெல்லாம் உள்ளே கடகடக்கிறது.

ஆறுகம்பி, தேவகோட்டை:
மேலேறும்போது நுனி சற்றுக் கீழ்நோக்கிப் பின்தங்கட்டும், இறங்கும்போது மேல்நோக்கி. மேலேறுகையில் ஆறு கம்பியையும் தொட வேண்டியதில்லை, மெல்லிய மூன்று போதும்.

உள்ளே கிடப்பதை எடுக்கக் கம்பியைக் கழற்ற வேண்டாம். துளை மேலே இருக்கும்படி கிட்டாரைப் படுக்கவைத்து, மெல்ல ஆட்டிப் பிக்கைத் துளைக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். பிறகு ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். ஜமுக்காளத்தின் மேல் செய்யுங்கள், ஐயா. ஆத்தங்குடிப் பூவேலைக்கு நடுவில் விழுந்தால் தேடி மாளாது.