முதல் ஸ்டீரியோ செட், பட்ஜெட் குறைவு: எதை வாங்கலாம்?

புதுக்காது:
வணக்கம். இதுவரை செல்போனிலும் ஒரு சின்ன ப்ளூடூத் டப்பாவிலும்தான் பாட்டுக் கேட்டு வருகிறேன். வீட்டில் ஒழுங்காக ஒரு ஸ்டீரியோ செட் வைக்கலாம் என்று இப்போது ஆசை வந்திருக்கிறது. நடுத்தரமான ஒரு செல்போன் வாங்குகிற அளவுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். அறை 12 அடிக்கு 10 அடி. கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பேன். ஸ்பீக்கர் எட்டு அடி தள்ளி இருக்கும். பெரும்பாலும் போனிலிருந்துதான் பாட்டு. டிவியையும் இணைக்க வேண்டும். பின்னால் ரெக்கார்டு பிளேயர் வாங்கினாலும் வாங்குவேன்.

தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு 5.1 ஹோம் தியேட்டர் பெட்டியில் 5000 வாட் என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு வெறும் இரண்டு ஸ்பீக்கர், 42 வாட் என்கிறார்கள். 5000 எங்கே, 42 எங்கே? எதை நம்புவது?

டிரான்சிஸ்டர்:
42ஐ நம்புங்கள். அந்த 5000 பிஎம்பிஓ கணக்கு, அதாவது கணநேர உச்ச பவர் என்று சொல்லிக்கொள்ளும் எண். அதை அளக்கப் பொதுவான முறை என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். கடையில் அந்த செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். மின்சாரம் எத்தனை வாட் இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 என்று இருந்தால், உள்ளே போகிற 60 வெளியே வரும்போது 5000 ஆகிவிடுமா என்ன? ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர்) என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று. 5.1 செட் என்றால் அதே பணத்தை ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (பாஸுக்கு மட்டுமான பெட்டி) பங்கு போட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும்.

புதுக்காது:
சரி, ஆனால் 42 வாட் அறைக்குப் பத்துமா? சத்தம் குறைவாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓம் விதி:
பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். ஸ்பீக்கரின் விவரத்தில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதுதான் அது. சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 85 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உட்காரும் எட்டு அடி சுமார் இரண்டரை மீட்டர். திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறையும், மிச்சம் 77. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூட்டுங்கள், 80. அறைச் சுவர்கள் இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அதை விட்டுவிடுவோம். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்டில் காதுக்கு 80 டெசிபல். சாதாரணமாகப் பேசுகிற சத்தம் 60ஐ ஒட்டித்தான் இருக்கும்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். அது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 42 வாட் என்பது பக்கத்துக்கு 21. அதில் 93 டெசிபல் வரை போகலாம். உங்கள் அறையில் அதை ரொம்ப நேரம் தாங்கமாட்டீர்கள். 82 சென்சிடிவிட்டி ஸ்பீக்கருக்கும் 88 ஸ்பீக்கருக்கும் இருக்கிற வித்தியாசம் நான்கு மடங்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பவருக்குச் சமம். வாட்டை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

மாடியறை:
உங்கள் தேவைக்கு ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர்தான் சுலபம். ஒரு ஸ்பீக்கருக்குள் ஆம்ப், மற்றதற்கு ஒரு வயர், வேலை முடிந்தது. எடிஃபையர் ஆர்1280டிபி மாதிரி ஒன்றைப் பாருங்கள்: 4 இஞ்ச் வூஃபர் (பாஸுக்கான பெரிய கோன்), ப்ளூடூத், டிவிக்கு ஆப்டிகல் (ஒளி வழியாக டிஜிட்டல் சிக்னல் எடுக்கும் ஜாக்), இரண்டு ஆர்சிஏ (சிவப்பு வெள்ளை ஜாக்) இன்புட். பெயரின் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ந்த மாடலும் உண்டு. அதில் சப்வூஃபருக்குத் தனி அவுட் இருக்கிறது. அந்த ஓர் எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். சாதாரண மாடலை வாங்கிவிட்டால் அந்த அவுட்டைப் பிறகு சேர்க்க முடியாது. ரெக்கார்டு பிளேயர் வந்தால் இரண்டிலுமே போனோ இன்புட் (பிளேயரின் மெல்லிய சிக்னலை எடுக்கும் ஜாக்) கிடையாது. ப்ரீஆம்ப் (அந்தச் சிக்னலை ஏற்றிக் கொடுக்கும் சின்ன ஆம்ப்) உள்ளடங்கிய பிளேயராகப் பார்க்க வேண்டும்.

டிரான்சிஸ்டர்:
மாடியறை சொல்வதில் பாதி சரி. என்னைக் கேட்டால் பவர்டு ஸ்பீக்கர் வேண்டாம் என்பேன். உள்ளே இருக்கும் ஆம்ப் போய்விட்டால் ஸ்பீக்கரும் சேர்ந்து மூலைக்குப் போய்விடும். ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்பீக்கருக்கு, மீதி ஆம்புக்கு.

உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) இதற்குத் தாராளம். ஆனால் அதோடு வரும் அடாப்டரைப் பாருங்கள். மேலே 100 வாட் என்று அச்சடித்துவிட்டு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்திருப்பார்கள். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 9 வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. 24 வோல்ட் என்றால் 36 வரை கணக்கு வருகிறது. ஆம்ப் 24 தாங்கும் என்று எழுதியிருந்தால் அடாப்டரை மட்டும் மாற்றினாலே போதும்.

மாடியறை:
ஆம்ப், அடாப்டர், ப்ளூடூத் ரிசீவர், டிவிக்கு ஒரு டாக் (டிஜிட்டல் சிக்னலை ஆம்ப் எடுக்கும்படி மாற்றும் பெட்டி), எல்லாவற்றுக்கும் வயர். முதல் செட் வாங்குகிறவர் பாவம் சார், பாட்டுக் கேட்க வந்திருக்கிறார்.

புதுக்காது:
இரண்டு பேருக்கும் நன்றி. இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் பழைய ஆம்பும் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் தருவதாகச் சொல்கிறார், புதுசைவிட ரொம்பக் குறைவாக. 20 வருடத்துக்கு முந்தியது. எடுக்கலாமா?

ரிப்பேர்காரர்:
நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் முன்பக்க வலையைக் கழற்றுங்கள். வூஃபர் கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ஃபோம் என்றால் வயதாக ஆக மக்கும்; விரலால் மெல்லத் தொட்டால் பொடியாகவோ பிசுபிசுப்பாகவோ வரும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். ஃபோம் போயிருந்தால் புதிது ஒட்டலாம், வேலை தெரிந்தவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள். கோனின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே அழுத்துங்கள். சொரசொரவென்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு அடி பட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பக்கம் காதை வைத்து இரண்டிலும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சின்ன ஆம்பை முழு வால்யூமில் கதறவிட்டால் முதலில் போவது அதுதான்.

ஆம்பில் வால்யூம் திருகைச் சுழற்றும்போது கரகரவென்றால் கவலை வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். பாட்டே போடாமல் வால்யூமைக் குறைத்து வைத்திருக்கும்போதும் 'ம்ம்' என்று ஹம் கேட்டால் கெப்பாசிட்டர் பழுதாக இருக்கலாம். பின்னால் 'போனோ' என்று எழுதிய ஜாக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரெக்கார்டு பிளேயரின் காட்ரிட்ஜிலிருந்து 5 மில்லிவோல்ட் அளவில்தான் சிக்னல் வரும், சாதாரண ஆக்ஸ் ஜாக்குக்கு அது போதாது. போனோ இருந்தால் பின்னால் ஒரு செலவு மிச்சம்.

புதுக்காது:
ரப்பர் வளையம், ஹம் இல்லை, போனோவும் இருக்கிறது. எடுத்து வந்துவிட்டேன். ஆனால் வீட்டில் மாட்டினால் சத்தம் வெறிச்சென்று இருக்கிறது. பாஸ் இல்லவே இல்லை. பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கெங்கோ அலைகிறது. ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்றால் மட்டும் பாஸ் கேட்கிறது. அவர் வீட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

ஓம் விதி:
ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கு ப்ளஸ் மைனஸ் மாறிப்போயிருக்கிறது. ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போகிறது. இரண்டும் சேர்ந்து பாஸை அழித்துவிடுகின்றன. ஒரே ஒரு ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். வயர் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் ஆம்புக்கு ஆபத்து.

புதுக்காது:
வயர் இரண்டும் ஒரே வெள்ளை நிறம். எந்தக் கோடும் இல்லை. எது ப்ளஸ் என்று எப்படித் தெரியும்?

ரிப்பேர்காரர்:
ஸ்பீக்கர் பக்கம் மாட்டியபடியே இருக்கட்டும். ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி, அந்த முனைகளை ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று கோன் அசையும். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் ப்ளஸ் பக்கம் தொட்ட வயர்தான் ப்ளஸ். அதில் ஒரு முடிச்சோ டேப்போ போட்டுவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் செய்துவிட்டு மாட்டுங்கள். ட்வீட்டரில் பேட்டரியை நேரடியாக வைக்க வேண்டாம்.

புதுக்காது:
பேட்டரி வைத்தியம் பலித்தது! வலது பக்கம்தான் மாறியிருந்தது. குரல் இப்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சுவரில் ஆள் நிற்கிற மாதிரி. ஆனால் இப்போது பாஸ் அதிகமாகிவிட்டது, சில பாட்டில் 'தொம் தொம்' என்று அறையே அதிர்கிறது. இரண்டையும் அறையின் இரண்டு மூலையில் தரையில் வைத்திருக்கிறேன்.

மாடியறை:
மூலையும் தரையும் பாஸை ஊதிப் பெருக்கும். மூலையை விட்டு இழுத்து, பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். பின்னால் ஓட்டை இருக்கிற ஸ்பீக்கர் என்றால் இன்னும் கொஞ்சம். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் கனமான ஸ்டூல் போதும், ஆடாமல் இருந்தால் சரி. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உள்ள தூரமும் உங்களுக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். கட்டில் தலைமாடு பின்சுவரை ஒட்டி இருந்தால் அங்கும் பாஸ் கூடிக் கேட்கும், ஒரு தலையணை அளவு முன்னால் வந்து பாருங்கள்.

புதுக்காது:
அரை அடி நகர்த்தினாலே மாறுகிறது, நம்பவே முடியவில்லை. கடைசியாக டிவி. ஆம்பில் சிவப்பு வெள்ளை ஜாக் மட்டும்தான். டிவியில் ஆப்டிகல் மட்டும். நடுவில் வைக்க ஒரு சின்ன டாக் பெட்டி வாங்கி மாட்டினேன். செய்தி சேனலில் சத்தம் வருகிறது, படம் போட்டால் சத்தமே இல்லை.

ஓம் விதி:
டிவி, படத்தின் டால்பி சிக்னலை அப்படியே அனுப்புகிறது; அந்தச் சின்னப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட் என்று இருக்கும். அதை ஆட்டோவிலிருந்து பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சிக்னல்) என்று மாற்றுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரையும் அங்கேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி மாதிரி கேட்கும்.

புதுக்காது:
பிசிஎம் போட்டதும் வந்துவிட்டது. அடுத்து போனுக்கு ப்ளூடூத் ரிசீவர் ஒன்று தேட வேண்டும். சப்வூஃபரும் வாங்கிவிடலாமா?

டிரான்சிஸ்டர்:
ரிசீவர் வாங்குங்கள். ஐபோன் என்றால் ஏஏசி (ஐபோன் ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) எடுக்கிற ரிசீவராகப் பாருங்கள். சப்வூஃபரைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். 10 அடி அகல அறையில் மட்டமான சப் ஒன்றை வைத்தால் மறுபடியும் 'தொம் தொம்' கேள்வியோடு இங்கே வந்து நிற்பீர்கள்.