கணைய என்சைம் கேப்சூல் போடுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அண்ணனுக்கு நாள்பட்ட கணைய அழற்சி. போன மாதம் வலி வந்தபோது முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தான். ரத்தத்தில் லிப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் கணைய என்சைம்) இயல்பைவிட 3 மடங்குக்கு மேல். சிறுகுடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய டிரிப்சின் என்ற புரதம் செரிக்கும் என்சைம் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கிறது என்றார் டாக்டர். கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

இப்போது செரிக்க என்சைம் போதவில்லை. மலத்தில் எண்ணெய் மிதக்கிறது, எடையும் குறைகிறது. சாப்பாட்டோடு போட கேப்சூல் கொடுத்திருக்கிறார்கள். வயிற்று அமிலம் மருந்தைக் கெடுக்காமல் இருக்கப் பூச்சு உண்டு, மெல்லக் கூடாது.

சரி, முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துப் போடுகிறீர்களா? மாலையில் தின்கிற வடைக்கும் வேண்டுமா? அப்புறம், எடை ஏற எத்தனை நாள் ஆனது? அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்க எழுதி வைக்கிறேன்.