மறு: ‘பெரி-அர்பன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

முழுக் கிராமமும் இல்லாத, முழு நகரமும் இல்லாத ‘பெரி-அர்பன்’ (peri-urban) ஊர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘புறநகர்’ என்றே வைத்துவிடலாமே, எதற்கு இத்தனை மடல் என்று ஒருவர் அலுத்துக்கொண்டதால் எழுதுகிறேன்.

புறநகருக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் ரயில் ஏறுகிறவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. நாம் தேடுவது தறியும் மாடும் சேர்ந்தே இருக்கும், திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம் பக்கத்து ஊர்களுக்கான சொல்.

போன பருவத்தில் மாணவர்களுக்கு ஒரு களஆய்வுப் படிவம் அடித்துக் கொடுத்தேன். முதல் கேள்வியே ‘வசிப்பிடம்: ஊரகம் / நகர்ப்புறம்’. ஒரு பெண் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தாள். கவனக்குறைவு என்று நினைத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் நாலு விசைத்தறி, பின்னால் இரண்டு மாடு. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறார். “இதுல எதைங்க சார் டிக் அடிக்கறது?” என்றாள். தப்பு என் படிவத்தில்தான். பாடத்திட்டமும் அதே லட்சணம்: நகர்ப் புவியியல் ஒரு தாள், ஊரகச் சமூகவியல் இன்னொரு தாள். அவள் வீடு இரண்டிலும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு வழி உண்டு. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது, முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில். மூன்றும் பொருந்தினால், நிர்வாகம் ஊராட்சியிடமே இருந்தாலும் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. 2001-இல் இந்தியாவில் 1,362 ஆக இருந்த இவை 2011-இல் 3,894 ஆகிவிட்டன. (ஆண்களை மட்டும் எண்ணுகிறார்கள், பார்த்தீர்களா? அந்த அம்மாவின் மாடு கணக்கிலேயே வராது.)

இழையில் வந்த சொற்களில் ‘நகர விளிம்பு’ எனக்குப் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு நகரம் நடுவில் இருக்க, இந்த ஊர் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போல் ஆகிவிடுகிறது. ‘அரைநகர்’ என்றால் அரைவேக்காடு நினைவுக்கு வருகிறது. ‘ஊர்நகர்’ பரவாயில்லை, ஆனால் நம்மூரில் ‘நகர்’ என்று முடிந்தாலே டிடிசிபி அப்ரூவல் பெற்ற மனை என்றுதான் காதில் விழும்.

என் பரிந்துரை: நகரூர். பேரூர், மூதூர், புத்தூர் வரிசையில் சேர்ந்துகொள்ளும். தலைச்சொல் ஊர், நகரத்தன்மை அதன் அடை. சென்னைக்காரரிடமும் ‘எந்த ஊர்?’ என்றுதானே கேட்கிறோம்? பட்டிக்கும் பட்டணத்துக்கும் ஊர் பொது. அந்த வசதியைப் பாடப்புத்தகத்தில் நாமே தொலைத்துவிட்டோம். (திருவனந்தபுரம் மாவட்டத்தில் நகரூர் என்று ஓர் ஊரே இருக்கிறது. அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

இப்படி ஒட்டுவது புதிதும் இல்லை. புவியியலாளர் டெர்ரி மெகீ இந்தோனேசிய மொழியில் கிராமத்தைக் குறிக்கும் ‘டெச’வையும் நகரத்தைக் குறிக்கும் ‘கோட்ட’வையும் சேர்த்து ‘டெசகோட்டா’ என்றார். பார்த்தால் நம் தேசத்துக்கும் கோட்டைக்கும் உறவான சொற்கள். அதற்கும் முன்னால், 1867-இல், பார்சிலோனாவின் விரிவாக்கத்தைத் திட்டமிட்ட இல்டெஃபோன்ஸ் செர்தா நகரமைப்பு என்ற தன் துறைக்குச் சொல் கிடைக்காமல் ‘உர்பனிசாசியோன்’ என்று தானே ஒன்றை உருவாக்கினார். அதன் லத்தீன் வேரை ரோமானியர் நகர எல்லையை உழுது குறித்த கலப்பை வரை கொண்டுபோனார். வேர் விளக்கம் சரியோ தப்போ, நகரத்துக்குள் ஏர் இருப்பதில் அவருக்குச் சங்கடம் இருக்கவில்லை.

> நகரமைப்புப் படிப்பே ஆங்கிலத்தில்தான். யாருக்காக இந்தச் சொல்?

நகரமைப்பு வல்லுநருக்காக இல்லை. அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் புவியியலும் பொருளியலும் படிக்கிறவர்களுக்காக. நாளைக்கு ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, குளத்தை ஒட்டிய மனைப்பிரிவுக் கோப்பைப் பிரிக்கப்போவது அவர்களில் ஒருவர்தான். நகரக் கல்வி இனி அங்கே போய்ச் சேராவிட்டால் என்ன பயன்?

நகரூராதல், நகரூர் நிலப்பயன்பாடு, நகரூர் ஆய்வு எல்லாம் இடறாமல் வருகின்றன. நகரமும் கிராமமும் சந்திக்கும் பகுதியைச் சொல்லும் ‘பெரி-அர்பன் இன்டர்ஃபேஸ்’ மட்டும் முட்டுகிறது. ‘இடைமுகம்’ போட்டால் கணினி வாடை. வேறு தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பாடத்திட்டக் குழு கூடுகிறது.